ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, வீங்கிய கைக்கு?

பள்ளிபாளையம் தறிப்பட்டறையில் தார் சுற்றும் பெண்ணுக்கும், நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் பெண்ணுக்கும் கைதான் சோறு போடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்த பிறகு அந்தப் பக்கத்துக் கை பலருக்கு வீங்கிவிடுகிறது. ரவிக்கைக் கை ஏறாது. வளையலை வெட்டித்தான் எடுக்க வேண்டும். 30 முட்டை அட்டைகளை அடுக்கித் தூக்கிய அன்று ராத்திரி கை கனத்துப்போகும். நிணநீர் வடிய வழியில்லாமல் வரும் வீக்கம் இது. ஆரம்பத்திலேயே கைப்பயிற்சியும் இறுக்க உறையும் கிடைத்தால் கட்டுக்குள் வைக்கலாம். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில், ‘ஆபரேஷன் பண்ணினா இப்படித்தான்’ என்று அவர்களே தேற்றிக்கொள்கிறார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை உண்டு, பெரிய உதவிதான். ஆனால் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வாரம் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம் போய்வர வேண்டும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி. நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கூலி போகிறது. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் தரும் அரசு, இவர்களை மட்டும் ஏன் மறந்தது?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. சாவு விகிதமோ சுமார் 40 சதவீதம் அதிகம். அவர்களிடம் வீரியமான ஒரு வகைக் கட்டி கூடுதலாக இருப்பது உண்மை. அதோடு தாமதமும் பணமும் பாகுபாடும் சேர்ந்துகொள்கின்றன. நம் ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து வரும் கூலிப் பெண்ணுக்கு இதில் எது புதிது?

பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. 2023 நவம்பரில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் அதுவும் ஒன்று. கண்டுபிடிப்பது சரி, பிழைத்தவர்களை யார் பார்ப்பது? ஹார்மோன் சார்ந்த கட்டி என்றால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரையைக் குறைந்தது ஐந்து ஆண்டு விடாமல் போட வேண்டும். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரின் பையில் இதற்கும் இடமிருக்கும். அதே திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவருக்கு வீங்கிய கையைப் பார்க்கவும் பயிற்சி கொடுங்கள்.

2022-ல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியில் வாரம் ஒரு நாள் இவர்களுக்கென்றே கிளினிக் வேண்டும். இறுக்க உறையும், ரவிக்கைக்குள் வைக்கும் செயற்கை மார்பகமும் அங்கேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். பழைய சேலைத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு எத்தனை நாள் தறிக்குப் போவது? நாமக்கல், ஈரோடு மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் இதைத் திங்கட்கிழமை மனுக்களுக்காகக் காத்திருக்காமலே தொடங்கலாம்.