பாதரட்சையும் யாத்திரையும்

காசிக்குப் புறப்படுகிறவர்கள் ரயில் சீட்டுக்கும் சத்திரத்துக்கும் மாதக்கணக்கில் யோசனை செய்துவிட்டு, கங்கையின் படித்துறைகளில் நாள் முழுதும் ஏறியிறங்கப் போகும் பாதங்களை மட்டும் கடைசி தினத்தில் நினைத்துக்கொள்வது விசித்திரமான வழக்கம்.

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் ஊசி குத்தினாற்போல் துடிப்பவர், அலங்காரத்தைப் பாராமல், பாதம் சற்றே வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில், வழக்கமான காலுறையோடு கடைக்குச் சென்று, நின்றபடியே அளவு பார்த்து, நீண்ட விரலுக்கு முன்னால் கைக்கட்டைவிரல் அகலத்துக்கு இடமும், குதிகாலைச் சுற்றி உறுதியான பிடிப்பும், நடுவில் துவளாமல் விரல்கள் மடங்கும் இடத்தில் மாத்திரம் வளையும் அடிப்பாகமும் உள்ள ஷூவையே தேர்ந்தெடுப்பது உத்தமம்.

அதையும் இரண்டு வாரமாவது தெருவில் நடந்து பழக்காமல் யாத்திரைக்கு அணிந்து செல்வது, கொப்புளத்தைக் காசு கொடுத்து வாங்குவதேயாகும். பிரயாணச் செலவுக் கணக்கில் பாதரட்சையை முதல் வரியில் எழுதுவதே விவேகம்.