உருகினால்தான் விலக்கு

நுண்பிளாஸ்டிக் துகள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/2055 ஒழுங்குமுறை எம்பாசிங் பவுடரையும் தடுக்கிறதா என்று கேட்டு வாசகர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். இதழின் நிலையைச் சொல்லிவிட வேண்டிய நேரம் இது.

தனித்தூளாக விற்கும் பிளாஸ்டிக் கிளிட்டருக்கு 2023 அக்டோபர் 17 அன்றே தடை வந்துவிட்டது. பவுடருக்கு வரவில்லை. பயன்படுத்தும்போதே துகள் தன் இயல்பை நிரந்தரமாக இழந்துவிடுமானால் விற்பனைத் தடை பொருந்தாது என்று விதி ஒரு விலக்கு தருகிறது. சூட்டில் உருகிப் படலமாகிவிடும் பவுடர் அதற்குள் அடங்கும். அதற்கு ஈடாக, துகள் சூழலில் கலக்காமல் எப்படிப் பயன்படுத்துவது, மிஞ்சியதை எப்படி அகற்றுவது என்ற குறிப்பை 2025 அக்டோபர் 17 முதல் விற்பவர் தந்தாக வேண்டும்.

விலக்கு நியாயமானது. ஆனால் அது முழுமையாக உருகிய பவுடருக்கே பொருந்தும் என்பதை நாம் மறக்கக் கூடாது. மேசையில் சிதறியதும், எழுத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு பிறகு உதிர்வதும் பிளாஸ்டிக் துகளாகவேதான் இருக்கின்றன. சுத்தமான வேலை இதுவரை அழகுக்காக மட்டும் வேண்டியிருந்தது. இனி விலக்கின் நியாயமே அதில்தான் நிற்கிறது.

ஸ்டாம்ப் வைக்குமுன் ஆன்டி ஸ்டேடிக் பையால் அட்டையைத் தடவுவதை அவசரத்தில் விட்டுவிடுகிறோம். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் போதாது. ஈரம் குடித்த அட்டையில் பவுடர் எங்கும் ஒட்டும். ஹீட் கன்னால் அட்டையை முதலில் லேசாக உலர்த்தி, ஆறவிட்டு, பிறகு பையைத் தடவி ஸ்டாம்ப் வைத்தால் பாதித் தொல்லை போய்விடும். தட்டிய பிறகும் நிற்கும் துகளை உலர்ந்த மெல்லிய தூரிகையால் எடுக்க வேண்டியது சூடு காட்டுவதற்கு முன்புதான். ஹீட் கன்னை வெளியே வைத்து நன்றாகச் சூடேற்றிய பிறகே அட்டைக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த காற்று முதலில் பட்டால் பவுடர் பறக்கும். சூடு குறைந்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும். கூடினால் பவுடர் காகிதத்துக்குள் இறங்கி, எழுத்து எண்ணெய்க் கறைபோல் தட்டையாகிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள சில நொடிகளில்தான் நம் தொழில் இருக்கிறது.

கிளிட்டர் கலந்த பவுடர் பற்றி ஒரு வார்த்தை. அதில் பவுடர் உருகும், கிளிட்டர் உருகாது. ஆகவே அந்தக் கலவைக்கு இந்த விலக்கை எளிதாகக் கோர முடியாது என்பது என் வாசிப்பு. ஐரோப்பாவுக்கு அட்டை அனுப்புகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

அந்தச் சில நொடிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் என் மனக்குறை அங்கேதான் இருக்கிறது. இந்தப் பவுடர் எத்தனை டிகிரியில் உருகும்? துகள் எத்தனை மைக்ரான்? இந்த இரண்டு எண்களைக் குப்பியில் போடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். இன்றும் கடைக்குப் போனால் ‘டீடெய்ல்’, ‘ரெகுலர்’, ‘அல்ட்ரா திக்’ என்ற சொற்களே கிடைக்கின்றன. ஒரு நிறுவனத்தின் டீடெய்ல் இன்னொன்றின் ரெகுலரைவிடப் பருமனாக இருக்கிறது. புதுக் குப்பி வாங்கும் ஒவ்வொரு முறையும் நல்ல அட்டைகளைப் பாழாக்கித்தான் சூட்டைக் கண்டுபிடிக்கிறோம்.

புதிய விதியாவது இதைத் தீர்க்கும் என்று நம்பினேன். படித்துப் பார்த்தால், பாலிமர் எந்த வகை என்ற தகவல் தொழிற்சாலைகளுக்கு வழங்குவோருக்கு மட்டுமே கட்டாயம். மேசையில் அமர்ந்து கையால் அட்டை செய்கிறவருக்குக் கிடைப்பது, சிந்தாதீர்கள், இப்படி அகற்றுங்கள் என்ற அறிவுரை. பொறுப்பு நம் கையில், தகவல் ஆலையின் கையில். முழுமையாக உருக்கு என்று சொல்லும் சட்டம், எந்தச் சூட்டில் உருகும் என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

நம் நாட்டில் இந்த அளவுக்குக்கூட இல்லை. 2022 ஜூலை 1 முதல் அழைப்பிதழைச் சுற்றும் பிளாஸ்டிக் படலம் தடை செய்யப்பட்டது. அதற்குள் இருக்கும் அட்டையில் தூவும் பிளாஸ்டிக் தூளைப் பற்றி ஒரு வரி இல்லை. 2024-இல் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு விதிகள் 1 முதல் 1000 மைக்ரான் வரையுள்ள துகளை நுண்பிளாஸ்டிக் என்று வரையறுத்தன. நாம் கையாளும் பெரும்பாலான பவுடர் இந்த அளவுக்குள் வருவதுதான். வரையறுத்தவர்கள் லேபிளைப் பற்றி யோசிக்கவில்லை. 2011-ஆம் ஆண்டின் பொதியிட்ட பொருட்கள் விதிகள் தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு எல்லாம் கேட்கின்றன. உள்ளே என்ன பிளாஸ்டிக், எவ்வளவு சூடு என்பதைக் கேட்கவில்லை. பிளாஸ்டிக்கைத் தினமும் உருக்கி, அந்த ஆவியருகே மூச்சுவிடும் ஆயிரக்கணக்கானோரை, பெரும்பாலும் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களை, விதி எழுதுகிறவர்கள் தொழில் செய்பவர்களாகவே பார்ப்பதில்லை. இதை இனியும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்களிடமுள்ள பவுடர்க் குப்பிகளின் லேபிளை நான்கு பக்கமும் படமெடுத்து இதழுக்கு அனுப்புங்கள். எதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன இல்லை என்பதைத் தொகுத்து அடுத்த இதழில் வெளியிட்டு, அதன் ஒரு பிரதியை நம் கோரிக்கையோடு நுகர்வோர் விவகாரத் துறைக்கும் அனுப்புவோம்.