கூடு சேர்ப்பவர்கள்

பழைய மின்கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்ப்போர் பலர். 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் செய்யப்பட்ட டெலிகிரான் கடிகாரம் ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால் அவர்கள் கொள்ளும் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. மரப்பெட்டிக்கு மெருகூட்டுகின்றனர், பித்தளை வளையத்தைத் துலக்குகின்றனர். இதுவரை குற்றமில்லை. அதன்பின் அவர்களுள் சிலர் செய்வதுதான் கொடுமை. பின்மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் மோட்டாரைப் பிடுங்கிவிட்டு, மலிவு விலையில் கிடைக்கும் பேட்டரிக் குவார்ட்ஸ் பொறியை அங்கே பொருத்துகின்றனர். மின்கம்பியையும் அறுத்துவிடுகின்றனர். பிறகு அதனைச் சுவரில் மாட்டி, 'பழங்கால மின்கடிகாரம்' என்று வருவோர் போவோர்க்கெல்லாம் காட்டிப் பெருமை கொள்கின்றனர். பேட்டரியிலும் மின்சாரம் உண்டே என்பது வாதத்திற்கு உதவலாம், உண்மைக்கு உதவாது.

பிடுங்கப்பட்ட அந்த மோட்டார் எத்தகையது? அதனுள் ஊசலும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. நேரத்தை அது தானாக அளப்பதே இல்லை. மாறுதிசை மின்சாரத்தின் அலைவெண்ணோடு ஒத்துச் சுழல்வது ஒன்றே அதன் தொழில். மின்நிலையம் அலைவெண்ணைத் தவறவிட்டால் கடிகாரமும் தவறும். இந்த இடர்ப்பாட்டைக் கண்ட ஹென்றி வாரன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், மின்நிலையத்தையே நேரம் தவறாமல் இயங்கச் செய்ய வழி தேடினார். 1916ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மின்நிலையம் ஒன்றில் அவருடைய தலைமைக் கடிகாரம் நிறுவப்பட்டது. ஒரே முகப்பில் இரண்டு முட்கள். ஒன்றினை ஊசற் கடிகாரம் ஓட்டிற்று. மற்றொன்றினை நிலையத்தின் மின்சாரம் ஓட்டிற்று. இரண்டும் பிரியாது செல்லுமாறு மின்னாக்கிகளின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் காப்பது பணியாளரின் கடமையாயிற்று. வீட்டுச் சுவரில் ஓடிய டெலிகிரான், தொலைவிலுள்ள மின்நிலையத்தின் நாடித்துடிப்பன்றி வேறன்று.

மின்தடை நீங்கியதும் டெலிகிரான் தானே மீண்டும் ஓடத் தொடங்கும். இடையில் நின்றிருந்த நேரத்தை யார் சொல்வது? அதற்கெனவே அதன் மாதிரிகள் பலவற்றின் முகப்பில் சிறு துளையிட்டு, மின்சாரம் தடைப்பட்டால் சிவப்புப் புள்ளி தோன்றுமாறு அமைத்தனர். ஹாமண்டு நிறுவனத்தின் தொடக்ககாலக் கடிகாரங்களோ, கையால் சுழற்றிவிட்டாலன்றி ஓடா, தடைப்பட்டால் நின்றேவிடும். (இந்த லாரன்ஸ் ஹாமண்டுதான் இதே வகை மோட்டாரின் துணைகொண்டு 1935இல் மின் ஆர்கன் இசைக்கருவியை வெளியிட்டவர்.) பொய்நேரம் காட்ட அஞ்சிய பொருள்கள் இவை. இவற்றின் வயிற்றில் குவார்ட்ஸ் புகுந்தபின் அந்தச் சிவப்புப் புள்ளிக்கு என்ன வேலை? வழுக்கிச் சுழன்ற நொடிமுள் இப்பொழுது 'டிக் டிக்' எனத் துள்ளுகிறது. அதனைக் காணும் மாணவன், அக்காலத்து மின்கடிகாரம் இவ்வாறுதான் துள்ளியது என்று நம்பிச் செல்வான்.

மறுதரப்பினர் கூற்றில் நியாயமே இல்லை என்பதற்கில்லை. அமெரிக்கக் கடிகாரம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நேரம் காட்டாது. மின்னழுத்தத்தை மின்மாற்றியால் குறைத்துவிடலாம். ஆனால் இங்குள்ள 50 அலைவெண்ணை அது 60 ஆக்கித் தராது. மணிக்கு 10 நிமிடம், நாளொன்றுக்கு 4 மணி நேரம் அக்கடிகாரம் பின்தங்கும். பின்தங்கட்டுமே! அலைவெண் என்பது யாது என்று அரைமணி நேரம் கரும்பலகையில் எழுதி விளக்குவதைக் காட்டிலும், அப்படிப் பின்தங்கும் கடிகாரம் ஒன்றை வகுப்பில் வைப்பது மேலல்லவா?

உறை வெடித்த பழைய மின்கம்பியை மாற்றத்தான் வேண்டும்; உயிரைப் பணயம் வைத்துப் பழமை பேணுவார் இல்லை. ரேடியம் பூசிய முட்களைச் சுரண்டவும் கூடாது. ஒளி மங்கினாலும் ரேடியம் மங்குவதில்லை, அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டுகள். ஆனால் எண்ணெய் வற்றி இரைச்சலிடும் மோட்டாரை எறியத் தேவையில்லை. அதனைத் திறந்து எண்ணெயிட்டு மீட்கும் கைவினைஞர் உளர்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவோர் 2018ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்கட்டும். செர்பியா, கொசோவோ ஆகியவற்றிடையே எழுந்த பூசலால் மின்வழங்கல் குறைந்து, ஐரோப்பிய நிலப்பரப்பின் அலைவெண் 50க்குச் சற்றே கீழிறங்கியது. மார்ச்சு மாதத்திற்குள் பல நாடுகளின் அடுப்புக் கடிகாரங்களும் படுக்கையறைக் கடிகாரங்களும் ஏறத்தாழ 6 நிமிடம் பின்தங்கின. குவார்ட்ஸ் கடிகாரம் வைத்திருந்தவர்க்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

மோட்டாரைக் கழற்றியவர் அதனைப் பெட்டியிலிட்டு உடன் வைக்கட்டும். விற்கும்பொழுது மாற்றியதைச் சொல்லட்டும். 'நன்கு ஓடுகிறது' என்ற ஒற்றை வரியோடு விலை பேசும் விற்பனையாளரிடம், பழைய மோட்டார் எங்கே என்று வாங்குவோர் முதலில் கேட்க வேண்டும்.