புரோநோட்டு எழுதிக் கொடுத்த வக்கீல்

"தேர்தல் நேரத்துல சொன்னதையெல்லாம் எவன் ஞாபகம் வெச்சிருக்கான்?"

டீக்கடையிலிருந்து கல்லூரி கேண்டீன் வரை அடிக்கடி காதில் விழும் வசனம் இது. அரசியல்வாதிகளை விட அவர்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்களைத்தான் இது அதிகம் கேவலப்படுத்துகிறது. சனங்களுக்கு ஞாபகமே கிடையாது, மறுநாளே மறந்துவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தம். இந்தக் கணக்கை நம்பி இறங்கி மொத்தமாகக் கவிழ்ந்த ஒருவரின் கதை இருக்கிறது. அவர் கட்சித் தலைவரோ மந்திரியோ இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு வக்கீலாக இருந்தவர். பெயர் கார்மென் ட்ரூட்டானிச்.

வக்கீலுக்கு எதற்குத் தேர்தல் என்று கேட்கத் தோன்றும். கலிஃபோர்னியாவிலேயே பெரும்பாலான ஊர்களில் நகரசபைதான் வக்கீலை நியமிக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ, சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற சில நகரங்களில் மட்டும் சிட்டி அட்டர்னியை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நகரத்தின் மீது யாராவது வழக்குப் போட்டால் எதிர்த்து வாதாடுவது அவர் அலுவலகம். மேயருக்கும் நகரசபைக்கும் இது சட்டப்படி செல்லும், இது செல்லாது என்று சொல்வதும் அதே அலுவலகம். ஊருக்குள் நடக்கும் சிறு குற்றங்களுக்கு வழக்குத் தொடுப்பதும் அவர்கள்தான். கொலை, கொள்ளை மாதிரியான பெரிய வழக்குகள் கவுண்டி முழுவதற்கும் பொறுப்பான டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிக்குப் போய்விடும். இந்த வித்தியாசம் முக்கியம், பின்னால் தேவைப்படும்.

இந்த நாற்காலிக்கு ஒரு ராசி உண்டு. உட்கார்ந்தவர் கண் எப்போதும் அடுத்த நாற்காலி மேல்தான். ஐரா ரைனர் சிட்டி அட்டர்னியாக இருந்துகொண்டே 1984-ல் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி ஆனார். 1985-ல் வந்த ஜேம்ஸ் ஹான் 16 வருடம் இருந்துவிட்டு 2001-ல் மேயர் ஆனார். அவருக்குப் பின் வந்த ராக்கி டெல்கடியோ 2006-ல் மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கு ஆசைப்பட்டு, கட்சிக்குள் நடக்கும் முதல் சுற்றிலேயே ஜெர்ரி பிரவுனிடம் தோற்றார். ஊருக்கு வக்கீல் வேண்டும் என்று மக்கள் ஓட்டுப் போட, வந்தவர்களெல்லாம் அதை ஏணியாக்கிக் கொண்டார்கள்.

2009-ல் ட்ரூட்டானிச் போட்டியிட்டபோது கையில் எடுத்த ஆயுதமே இதுதான். எதிரில் நின்றவர் நகரசபை உறுப்பினர் ஜாக் வைஸ். மேயர் அந்தோனியோ வில்லரய்கோசாவின் ஆதரவு அவருக்கு. ட்ரூட்டானிச்சோ முன்பு அரசுத் தரப்பில் வழக்கு நடத்தியவர், பிறகு தனியாகத் தொழில் செய்தவர். 'அவர் அரசியல்வாதி, நான் வெறும் வக்கீல்' என்பதுதான் பிரச்சாரம். அதை நிரூபிக்க ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார். பதவிக்காலத்தை முழுசாக முடிக்காமல் வேறு எந்தப் பதவிக்கும் போட்டியிட மாட்டேன். மீறினால் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு மாலை நேரத் திட்டத்துக்கு 1 லட்சம் டாலர் கொடுப்பேன். அதோடு, 'நான் ஒரு பொய்யன்' என்று என் படத்தைப் போட்டு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் தருவேன்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சும்மா வாய் வார்த்தை இல்லை, அபராத ஷரத்தோடு எழுதிக் கொடுத்த புரோநோட்டு. மக்கள் அதை வாங்கிக்கொண்டு ஓட்டைக் கொடுத்தார்கள். 2009 மே மாத இரண்டாம் சுற்றில் வைஸ் தோற்றார், ஜூலை 1-ம் தேதி ட்ரூட்டானிச் பதவியேற்றார்.

பதவியில் அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. கட்டடச் சுவர்களை மறைத்துத் தொங்கும் அனுமதியில்லாத ராட்சத விளம்பரங்களை விரட்டினார். 2010 பிப்ரவரியில், ஆஸ்கார் விழாவுக்கு முன்னால், ஹாலிவுட்டில் ஒரு கட்டடத்தில் அப்படி விளம்பரம் தொங்கவிட்ட உரிமையாளர் கைதானார். ஜாமீன் தொகை 10 லட்சம் டாலர். ஒரு விளம்பரத் தட்டிக்கு இவ்வளவா என்று வாய்பிளந்தவர்களும் உண்டு, இப்படித்தான் வேண்டும் என்று கைதட்டியவர்களும் உண்டு.

ஆனால் 2012 தொடங்கியதும் புரோநோட்டு காற்றில் பறந்தது. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியாக மூன்று முறை இருந்த ஸ்டீவ் கூலி மறுபடி நிற்கவில்லை. நாற்காலி காலி. சிட்டி அட்டர்னி பதவியில் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் மீதி இருக்கும்போதே ட்ரூட்டானிச் களத்தில் குதித்துவிட்டார். பணம் நிறைய சேர்ந்தது, பெரிய ஆட்களின் ஆதரவும் இருந்தது. ஜெயிப்பது இவர்தான் என்றே பலரும் பேசினார்கள்.

இன்னொரு வேலையும் செய்தார். வாக்குச் சீட்டில் தன் பெயருக்குக் கீழே 'லாஸ் ஏஞ்சல்ஸின் தலைமை அரசு வழக்கறிஞர்' என்ற பொருளில் ஒரு பட்டம் போட்டுக்கொள்ளப் பார்த்தார். சிறு குற்ற வழக்குகளை மட்டும் நடத்தும் அலுவலகத்தின் தலைவருக்கு இந்தப் பட்டமா? விஷயம் கோர்ட்டுக்குப் போனது. அது வாக்காளரைத் தவறாக நினைக்க வைக்கும் என்று நீதிபதி அனுமதி மறுத்துவிட்டார். ஊருக்கே சட்டம் சொல்ல வேண்டிய வக்கீலுக்குத் தன் வேலையின் பெயரைச் சரியாக எழுத கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது!

எதிரிகள் சும்மா இருப்பார்களா? அந்த உறுதிமொழிப் பத்திரத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். 2009-ல் அவரை ஆதரித்த கூலியே இந்த முறை தன் அலுவலகத்தில் வேலை பார்த்த ஜாக்கி லேசியை ஆதரித்தார். 2012 ஜூன் முதல் சுற்றில் லேசி முதலிடம், ஆலன் ஜாக்சன் இரண்டாமிடம், ட்ரூட்டானிச் மூன்றாமிடம். முதல் இருவர் மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போக முடியும். நவம்பரில் லேசி ஜெயித்து, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

வேறு வழியில்லாமல் ட்ரூட்டானிச் பழைய நாற்காலிக்கே திரும்பி வந்து ஓட்டுக் கேட்டார். இந்த முறை எதிரில் மைக் ஃபியூவர். 2001-ல் இதே பதவிக்கு நின்று டெல்கடியோவிடம் தோற்று, பிறகு மாநில சட்டசபையில் இருந்துவிட்டு வந்தவர். 2013 மார்ச் முதல் சுற்றிலேயே ஃபியூவர் முந்தினார். மே 21-ல் இறுதிச் சுற்று. பதவியில் இருந்துகொண்டே நின்ற ட்ரூட்டானிச்சுக்கு 40 சதவீத ஓட்டு கூடத் தேறவில்லை. நான்கு வருடத்துக்கு முன் எழுதிய புரோநோட்டை ஊரே வசூல் செய்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள், யாருக்கு ஞாபகம் இல்லை?

இந்தக் கதையைக் காட்டியே சிலர் வேறு முடிவுக்கு வருகிறார்கள். பார்த்தீர்களா, வக்கீலுக்குத் தேர்தல் வைத்தால் இப்படித்தான், வக்கீல் வேட்பாளராகிவிடுவார், நன்கொடை வாங்குவார், அடுத்த பதவிக்கு அலைவார், பேசாமல் நியமித்துவிடலாமே என்று. இதில் பாதி நியாயம் இருக்கிறது. பிரச்சாரத்துக்குப் பணம் கொடுப்பவர்களுக்கும் நகரத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களுக்கும் நடுவே சுவர் ஒன்றும் கிடையாது.

ஆனால் நியமனம் மட்டும் காப்பாற்றுமா? அதே கவுண்டியில் பெல் என்று ஒரு சின்ன ஊர். 35 ஆயிரம் பேருக்கு மேல் வசிக்கும் ஏழை ஊர். அதன் நிர்வாக அதிகாரி ராபர்ட் ரிசோ வருடத்துக்குக் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக் கொண்டிருந்தது 2010-ல் வெளியே வந்தது. அவரும் நியமிக்கப்பட்டவர், அந்த ஊரின் வக்கீலும் நியமிக்கப்பட்டவர். இந்தக் கொள்ளை வக்கீலால் நிற்கவில்லை, பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்த பிறகுதான் நின்றது. சம்பள உச்சவரம்பிலிருந்து தப்பிக்க அந்த ஊர் 2005-ல் நடத்திய தனி வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர் கூட இல்லை. மேலே இருப்பவர் தயவில் பதவியில் இருக்கும் வக்கீல், மேலே இருப்பவர் தப்புச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வார்?

நோய் தேர்தலில் இல்லை, போட்டியே இல்லாத தேர்தலிலும் ஆளே வராத தேர்தலிலும்தான் இருக்கிறது. ட்ரூட்டானிச்சுக்குப் பின் நடந்ததே சாட்சி. 2017 மார்ச்சில் ஃபியூவரை எதிர்த்து ஒருவர் கூட நிற்கவில்லை. தேர்தல் தேதிகளை மாற்றியதால் அந்த முறை பதவிக்காலம் ஐந்தரை வருடம். 2019 ஜூலையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் அவர் அலுவலகத்துக்குள் சோதனைக்கு வந்தார்கள். காரணம், நகரத்தின் மின்சார - குடிநீர்த் துறை 2013-ல் போட்ட புது பில்லிங் முறை. தப்புத் தப்பாக பில் வந்து மக்கள் வழக்குப் போட, நகரத்துக்காக வேலை செய்த வெளி வக்கீல் ஒருவரே எதிர்த்தரப்பு வழக்கையும் பின்னாலிருந்து நடத்தியது அம்பலமானது. சிட்டி அட்டர்னி அலுவலகத்தில் சிவில் வழக்குகளுக்குத் தலைவராக இருந்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மின் துறையின் தலைமை அதிகாரி 2022-ல் ஆறு வருட சிறைத் தண்டனை பெற்றார். ஃபியூவர் மீது குற்றம் சாட்டப்படவில்லை, தனக்கு எதுவும் தெரியாது என்றே அவர் சொல்லி வந்தார்.

அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால், உன் அலுவலகத்தில் நடந்தது உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று ஓட்டுச் சீட்டில் கேட்கும் வாய்ப்பு அந்த ஊர் மக்களுக்குக் கிடைக்கவே இல்லை. இரண்டு முறைக்கு மேல் நிற்க முடியாது என்ற விதியால் அவர் திரும்ப அந்தப் பதவிக்கு வரவில்லை. அவரும் ராசியை விடவில்லை. 2022-ல் மேயர் போட்டியில் இறங்கிப் பாதியில் விலகினார், 2024-ல் நாடாளுமன்றத்துக்கு நின்று முதல் சுற்றிலேயே வெளியேறினார்.

2013-ல் ட்ரூட்டானிச்சைத் தோற்கடித்த அந்த இறுதிச் சுற்றில் கூட ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 23 சதவீதம்தான். நூறில் 77 பேர் வீட்டில் இருந்தார்கள். தேர்தல்களை மாநிலத் தேர்தலோடு சேர்த்து நடத்த 2015-ல் அதே மக்கள்தான் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். அப்படி நடந்த 2022 நவம்பர் தேர்தலில் 40 சதவீதத்துக்கு மேல் வந்தார்கள். ஹைடி ஃபெல்ட்ஸ்டீன் சோட்டோ அந்தத் தேர்தலில்தான் சிட்டி அட்டர்னி ஆனார்.

ஆக, வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிடுங்குவது மருந்தாகாது. எதிர்த்து நிற்க ஒருவர் வேண்டும், ஓட்டுப் போட ஆட்கள் வர வேண்டும், பழைய பத்திரத்தை எடுத்துக் காட்ட நாலு பேர் வேண்டும். இந்த மூன்றும் இருந்த வருடம் பொய் சொன்ன வக்கீல் வீட்டுக்குப் போனார். இல்லாத வருடம் கேள்வியே இல்லாமல் ஐந்தரை வருடம் ஓடிவிட்டது.

சனங்களுக்கு ஞாபகம் இல்லை என்று அடுத்த முறை யாராவது ஆரம்பித்தால், அவர் போன தேர்தலில் ஓட்டுப் போட்டாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.