கடலுக்கு யார் சட்டம் போடுவது?

"கோயமுத்தூர்ல கடலே இல்லையே, உனக்கு எதுக்குடா இந்தக் கவலை?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். 2013-ல் தோட்டத்துக்குள்ளே எரிவாயுக் குழாய் வருதுன்னு கொங்கு விவசாயிகள் போராடினார்களே, அந்தக் குழாய் கடலோரக் கொச்சியிலிருந்து கிளம்பியதுதானே!

2020 பிப்ரவரியில் நம் சட்டசபை காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்கள், இங்கெல்லாம் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கக் கூடாது. 2017-ல் நெடுவாசல் மக்கள் வெயிலில் உட்கார்ந்தது வீண் போகவில்லை. ஆனால் ஏற்கனவே ஓடுகிற கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. கடலுக்குள்ளும் போகவில்லை. போகவும் முடியாது. கடலுக்கடியில் கிடக்கும் கனிமம் மத்திய அரசுக்கே சொந்தம் என்கிறது அரசியல் சாசனத்தின் 297-ஆவது பிரிவு.

அதனால்தான் 2025-ல் மன்னார் வளைகுடாப் பக்கத்து ஆழ்கடலை ஏலத்தில் சேர்த்தபோது, முதலமைச்சர் ஸ்டாலினால் பிரதமருக்குக் கடிதம்தான் எழுத முடிந்தது. 21 தீவுகள், பவளப்பாறை, கடல்பசு என்று 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகமாக இருக்கிற கடல் அது!

நான் மெக்கானிக்கல். எங்க வீட்டில் நான்தான் முதல் படிப்பு. எண்ணெய்க் கம்பெனியில் வேலைன்னா எங்க அய்யன் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுவார். எனக்கும் ஆசைதான், பொய் சொல்லலை. ஆனா பாம்பன் மீனவர் வீட்டுப் பையனும் மீன் வித்த காசில்தானே பீஸ் கட்டணும்?

கடலுக்குச் சட்டம் போடப் பார்லிமெண்டால்தான் முடியும். அங்கே கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு எம்.பி.க்களுக்கும் ஓட்டு இருக்குதுங்க.