வட்டியில்லாத கடனுக்குத்தான் கைதட்டினோம்

தொழில்முனைவோர் பங்கு கொடுத்து நடுவர்களிடம் முதலீடு கேட்கிற டிவி நிகழ்ச்சியான ‘ஷார்க் டேங்க் இந்தியா’வின் முதல் சீசன் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருபவர் ‘ஜுகாடு கமலேஷ்’. மகாராஷ்டிரத்தில் மாலேகாவ் பக்கம் விவசாயி வீட்டுப் பிள்ளை. அப்பா முதுகில் மருந்து டேங்கைச் சுமந்து வயலுக்கு அடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், உருட்டிக்கொண்டே மருந்தடிக்கிற சைக்கிள் வண்டி ஒன்றை வருஷக்கணக்காகத் தட்டிக் கொட்டி உருவாக்கியவர். 10 சதவீதப் பங்குக்கு 30 லட்சம் ரூபாய் கேட்டார். நடுவர்களில் ஒருவரான ‘லென்ஸ்கார்ட்’ பியூஷ் பன்சல் கொடுக்க முன்வந்தது வேறு கணக்கு: 40 சதவீதப் பங்குக்கு 10 லட்சம், அதோடு வட்டியில்லாக் கடனாக 20 லட்சம். கமலேஷ் சம்மதித்தார். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். அந்தக் காட்சி வந்து விழாத வாட்ஸ்அப் குழு அப்போது இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

நான் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். திருப்பூர், ஈரோடு, சிவகாசி என்று சிறுதொழில் ஊர்களில்தான் என் உத்தியோகம் பெரும்பாலும் கழிந்தது. நடுவில் நாக்பூருக்குத் தூக்கியடித்தார்கள்; அங்கே ஒட்டிக்கொண்ட ஹிந்தி இந்த நிகழ்ச்சியைப் பார்க்க உதவியது. எல்லோரும் கமலேஷின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் புத்தி கணக்குக்குப் போயிற்று. 10 லட்சத்துக்கு 40 சதவீதம் என்றால் மொத்தத் தொழிலுக்கும் போட்ட மதிப்பு 25 லட்சம். அவர் வந்தபோது மனதில் வைத்திருந்த மதிப்போ 3 கோடி. பங்கு என்று மட்டும் பார்த்தால் அவருக்குக் கிடைத்தது மட்டமான பேரம். அந்தப் பேரத்தைத் தூக்கி நிறுத்தியது 20 லட்சம் கடன். ஒப்புக்கொண்ட பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். ஆனால் ஊர் முழுக்க என்ன பேசினார்கள்? ‘இன்வெஸ்ட்மென்ட் கிடைச்சிடுச்சு.’

இதில்தான் எனக்கு அந்த சீசன்மீது வருத்தம். தொழிலுக்குப் பணம் என்றால் பங்கை விற்று வாங்குவதுதான் கெத்து, கடன் வாங்குவது பழைய காலத்து ஆட்களின் வேலை என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்திவிட்டது.

2021 டிசம்பர் 20ஆம் தேதி சோனி டிவியில் தொடங்கி 2022 பிப்ரவரி 4ஆம் தேதி முடிந்த சீசன் அது. சரக்கு நம்முடையது இல்லை. ஜப்பானில் 2001இல் பிறந்து, பிரிட்டனில் ‘டிராகன்ஸ் டென்’, அமெரிக்காவில் ‘ஷார்க் டேங்க்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது. 62,000 பேர் விண்ணப்பித்தார்கள், 198 பேர் மேடை ஏறினார்கள், 67 பேருக்குக் கைகுலுக்கல் என்று அப்போது கணக்கு வந்தது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேருக்கு மேடை, ஒருவருக்குப் பணம். அந்தப் பணமும் மேடையிலேயே கைக்கு வந்துவிடுவதில்லை. கேமரா அணைந்த பிறகு கணக்குப் புத்தகங்களைத் துருவிப் பார்க்கிற வேலை இருக்கிறது. அதில் சில ஒப்பந்தங்கள் நின்றுபோயின.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மார்ஜின், வேல்யூவேஷன் என்கிற வார்த்தைகள் நடு ஹாலில் சாப்பாட்டுத் தட்டோடு பேசப்பட்டது அந்தக் குளிர்காலத்தில்தான். குச்சி ஐஸ் மாதிரி ஒன்றை விற்ற ஹைதராபாத் தம்பதிக்கு நடுவர்கள் ஐந்து பேரும் சேர்ந்து 15 சதவீதத்துக்கு 1 கோடி கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பார்வையற்ற பிள்ளைகள் தாமாகவே பிரெய்ல் கற்றுக்கொள்ளக் கருவி செய்த ‘திங்கர்பெல் லேப்ஸ்’ 3 சதவீதத்துக்கு 1 கோடியே 5 லட்சம் பெற்றது. இந்தக் கருவிக்காரர்கள் என் மேஜைக்கு வந்திருந்தால் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பியிருப்பேன். ஜெயிக்குமா தோற்குமா என்று தெரியாத ஒரு கண்டுபிடிப்புக்கு, பென்ஷன் பணத்தை டெபாசிட் போட்டவர்களின் காசை எடுத்துக் கொடுக்க முடியாது. அங்கே பங்கு முதலீடுதான் சரி. தோற்றால் தோற்றது, மாதத் தவணை கேட்டு யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள்.

இல்லை என்று சொல்வது வங்கிக்காரனுக்கும் தினப்படி வேலை என்பதால் இன்னொன்றையும் கவனித்தேன். நடுவர்களில் ஒருவரான ‘பாரத்பே’ அஷ்னீர் குரோவர் ஒரு பெண் வடிவமைப்பாளரின் உடைகளைப் பார்த்து, தன் வீட்டில் யாரும் இதை உடுத்த மாட்டார்கள் என்கிற மாதிரி முகத்துக்கு நேரே சொன்னார். அதையே நேர்மை என்று கொண்டாடினார்கள். எங்கள் வங்கியிலோ, கடன் மறுக்கப்பட்டவர் திரும்ப அதே தெருவில் கடை திறக்க வேண்டும், அதே ஆட்களின் முகத்தில் விழிக்க வேண்டும். அந்த நினைப்பு இருந்தால் வாய் தானாக அடங்கும். சீசன் முடிந்து ஒரு மாதத்துக்குள், 2022 மார்ச் 1இல், அவரே தன் கம்பெனியிலிருந்து வழக்கும் புகாருமாக விலக வேண்டிவந்தது. அது வேறு கதை.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம், ஈரோட்டில் எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி. பெருந்துறை ரோட்டில் ஷெட் போட்டு மரச்செக்கு எண்ணெய் ஆட்டுகிறார். நல்ல எண்ணெய், எங்கள் வீட்டில் அதுதான். போன மாதம் லேப்டாப்போடு வந்தார். முதல் சீசனின் எபிசோடுகளை ஒன்று விடாமல் பார்த்தவர். டிவிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“வேல்யூவேஷன் மூணு கோடி வெச்சிருக்கனுங்க சார்.”

“மாசம் எவ்வளவுக்கு விக்குதுங்க தம்பி?”

“ரெண்டரை லட்சத்துக்குப் பக்கமாப் போகுதுங்க.”

“கடைக்காரங்ககிட்டப் பாக்கி எவ்வளவு நிக்குது?”

தம்பி லேப்டாப்பில் தேடினார். அதில் அந்தக் கணக்கு இல்லை. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டார். அந்தம்மா நோட்டைப் புரட்டுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. “நாலு லட்சத்து இருபதாயிரம் கண்ணு. ஆடியில இருந்து குடுக்காதவனெல்லாம் இருக்கான்.”

கிட்டத்தட்ட ஐம்பது நாள் விற்பனை வெளியே நிற்கிறது. கடலை கொடுக்கிறவருக்கு ரொக்கம், எண்ணெய் வாங்குகிற கடைக்குக் கடன். இந்த இடைவெளியில்தான் அவருக்கு மூச்சு முட்டுகிறது. இதை நிரப்பக் கம்பெனியில் பத்து சதவீதத்தை விற்க வேண்டியதில்லை. சிறுதொழிலுக்கு ஆண்டு விற்பனை மதிப்பீட்டில் குறைந்தது 20 சதவீதம் நடைமுறை மூலதனக் கடன் கொடுக்க வேண்டும் என்பது நாயக் கமிட்டி காலத்திலிருந்தே வங்கிகளில் உள்ள கணக்கு. இவருக்கு ஆண்டுக்கு 30 லட்சம் விற்பனை என்றால் 6 லட்சம் லிமிட். பாக்கி வந்தால் கட்டலாம், கடலை வாங்க எடுக்கலாம். எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. கம்பெனி முழுக்க அவருடையதாகவே இருக்கும்.

திருப்பூரில் இந்த நாடகத்தை வாராவாரம் பார்த்திருக்கிறேன். அங்கே சனிக்கிழமை சம்பளம். ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட்காரர் வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே கிளையைச் சுற்றிச் சுற்றி வருவார். பீஸ் தைத்து, செக்கிங் முடித்து, டெலிவரி சலானும் கையில் இருக்கும். எக்ஸ்போர்ட்காரர் பணம் தர இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவருக்கு நாளைக்கே கூலி வேண்டும். “ஒரு வாரத்துக்கு மட்டும் லிமிட்டுக்கு மேல விடுங்க சார், செவ்வாய்க்கிழமை செக் வந்துரும்.” அந்தச் செவ்வாய்க்கிழமை எந்த மாதத்துச் செவ்வாய் என்று கேட்கக் கூடாது. நல்ல சரக்கு, நல்ல ஆர்டர், நல்ல லாபம் எல்லாம் இருந்தும் சனிக்கிழமையைத் தாண்ட முடியாமல் மிஷினை விற்றவர்களை எனக்குத் தெரியும். இதை டிவியில் காட்ட முடியாது என்பது புரிகிறது. ஒரு மனிதர் செக்குக்காகக் காத்திருப்பதை எத்தனை நிமிஷம் படம் பிடிப்பார்கள்?

முதல் சீசனிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பீகாரின் தர்பங்காவிலிருந்து ஊறுகாய் விற்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள். மேடையில் அவர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. எபிசோடைப் பார்த்த மக்கள் ஆர்டர் போட்டுக் குவித்தார்கள். அப்புறம் அதே நடுவர்களில் நமிதா தாப்பரும் வினீதா சிங்கும் 85 லட்சம் முதலீடு செய்தார்கள். சந்தோஷம். ஆனால் ஊறுகாய்த் தொழிலை நினைத்துப் பாருங்கள். மாங்காய் வருவது கோடையில் சில வாரம். அப்போதே ஒரு வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, நறுக்கி, உப்புப் போட்டாக வேண்டும். காசு திரும்புவது பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆர்டர் குவியக் குவிய முன்பணத் தேவையும் ஏறும். அந்தப் பேச்சுக்கு ஒளிபரப்பில் இடம் இல்லை. எத்தனை சதவீதம் என்கிற இழுபறிக்குத்தான் பின்னணி இசை.

சரி, எண்ணெய்த் தம்பி ஏன் முதலில் வங்கிக்குப் போகவில்லை? போயிருக்கிறார். “வீட்டுப் பத்திரம் இருக்கா?” என்றுதான் முதல் கேள்வியே. வீடு தாத்தா பேரில், பங்காளிகள் நான்கு பேர். அதோடு திரும்பிவிட்டார். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கவே கூடாது என்று 2010இலேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுவிட்டது. அதற்கு மேலும் ஜாமீன் இல்லாமல் கொடுக்க வழி செய்யும் உத்தரவாத நிதியம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இருந்தும் பத்திரம் கேட்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். கடன் வாராக்கடன் ஆனால் கிளைக்காரருக்கு மெமோ வரும், ‘ஜாமீன் ஏன் வாங்கவில்லை’ என்று இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் எழுதுவார்கள், பதவி உயர்வு நிற்கும். கொடுக்காமலே விட்ட கடனுக்கு யாரும் மெமோ கொடுத்ததில்லை. டிவி மேடையில் 62,000 பேர் வரிசை கட்டியதில் ஒரு பங்கு வங்கிகளின் இந்தப் பயத்தால் வந்தது என்றே நினைக்கிறேன்.

மறுபக்கம் பாக்கி வைக்கிற பெரிய கை. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024–25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கவும் முடியாது. சட்டம் கறாராகத்தான் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அஷ்னீர் குரோவரைப் போல வாய் உள்ளவர்கள் இந்தப் பெரிய கம்பெனிகளைப் பார்த்து டிவியில் நான்கு வார்த்தை கேட்டிருந்தால் நானும் எழுந்து கைதட்டியிருப்பேன்.

தமிழிலும் விஜய் டிவியில் ‘ஸ்டார்ட்அப் சிங்கம்’ என்று இதே பாணியில் வந்துவிட்டது. நடத்துகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: தொழில்முனைவோர் மேடையில் நிற்கும்போது ‘கேட்பது இவ்வளவு, பங்கு இவ்வளவு’ என்று திரையின் கீழே போடுகிறீர்களே, அதன் பக்கத்தில் ‘வெளியே நிற்கும் பாக்கி இவ்வளவு, இத்தனை நாளாக’ என்று இன்னொரு வரி போடுங்கள். சிங்கங்களுக்கு நடுவே ஒரு நாற்காலியில் கடன் கொடுக்கிற வங்கி அதிகாரி ஒருவரையும் உட்கார வையுங்கள். யாருக்குப் பங்கு முதலீடு வேண்டும், யாருக்கு ஓவர்டிராஃப்ட் போதும் என்று அவர் சொல்லட்டும்.

டிவிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளைத் தடுக்க நான் யார்? தம்பியும் விண்ணப்பித்துவிட்டார். ஆனால் அதற்கு முன் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எடுக்கச் சொன்னேன். ஜாமீன் இல்லாக் கடன் கேட்கவும், 45 நாள் சட்டத்தைக் காட்டிப் பாக்கி கேட்கவும் கையில் இருக்க வேண்டிய காகிதம் அது. நீங்களும் எடுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கென்று பணம் கேட்கிற இணையதளம் எதுவும் அரசுடையது இல்லை.