தங்க அம்பாரியும் பறிக்கப்பட்ட ஹாடிகளும்

மைசூரு தசராவில் 750 கிலோ தங்க அம்பாரியோடு ஊர்வலம் போகும் யானைகளை வளர்த்துப் பழக்கும் பாகர்களிலும் காவடிகளிலும் பலர் ஜேனு குருபர் உள்ளிட்ட பழங்குடியினர். விழா முடியும்வரை அரண்மனை வளாகத்துக் கொட்டகைகளில் குடும்பத்தோடு தங்கும் இவர்களுக்கு அமைச்சர்கள் உணவு பரிமாறுவதும், அது படமாக வெளிவருவதும் ஆண்டுதோறும் நடப்பவை. பரிமாறும் அதே அரசுதான் இம்மக்களின் நிலத்தைத் திருப்பித்தர மறுக்கிறது.

நாகரஹொளே காடு ஜேனு குருபரின் தாயகம். 1955இல் சரணாலயம், பின்னர் தேசியப் பூங்கா, அதன்பின் புலிகள் காப்பகம் எனப் பெயர் மாற மாற அவர்களது ஹாடிகள் காலியாயின. உயர்நீதிமன்றம் அமைத்த, மைசூரு பல்கலைக்கழகப் பேராசிரியர் முசாஃபர் அசாதி தலைமையிலான குழு, வெளியேற்றப்பட்ட 3,418 குடும்பங்களுக்கு மறுவாழ்வு கோரி 2014இல் அறிக்கை அளித்தது. காட்டின் மக்கள் இன்று குடகின் காப்பித் தோட்டங்களில் கூலிகள். கபினிக் கரையிலோ சொகுசு விடுதிகள்! தேனெடுப்பவரால் அஞ்சி ஓடும் புலி, சஃபாரி வண்டிகளை மட்டும் வரவேற்கிறது போலும். காட்டுக்குள்ளேயே நட்சத்திர விடுதி கட்ட நடந்த முயற்சியைப் போராடித் தடுத்தவர்கள் ஆதிவாசிகளே. 1997இல் நீதிமன்றமும் அதை நிறுத்தியது.

ஒரு மக்களினத்தின் நிலத்தை ஆணை ஒன்றால் பறிப்பது புதிதல்ல. ஆப்கானிஸ்தானில் 1890களில் ஹசாரா மக்களை ஒடுக்கிய அமீர் அப்துர் ரஹ்மான், அவர்களது மேய்ச்சல் நிலங்களைப் பஷ்தூன் நாடோடிகளுக்கு வழங்கினார். மேய்ப்பரும் உழவரும் இன்றுவரை மோதுகின்றனர். மோதலை விதைத்ததோ அரசு. இங்கும் காட்டை நேசிக்கும் நகரத்து இளைஞரை ஆதிவாசிக்கு எதிராக நிறுத்தும் வேலை நடக்கிறது.

ஹாடியில் வசித்ததற்குச் சான்று இல்லை என்பதே வனத்துறையின் வாதம். வீட்டை இடித்தவரே வசிப்பிடச் சான்று கேட்கிறார்! 13.12.2005க்கு முன் சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்டோருக்கு மறுவாழ்வு உரிமை உண்டு என்று 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவு தெளிவாகவே கூறுகிறது. உரிமைக் கோரிக்கைகள் மீதான பரிசீலனை முடியும்வரை யாரையும் அகற்றக்கூடாது என்கிறது 4(5).

2025 மே மாதம் கரடிகல்லு அத்தூர் கொல்லி ஹாடிக்கு ஜேனு குருபக் குடும்பங்கள் தாமாகவே திரும்பிக் குடிசை போட்டபோது, அரசு அனுப்பியது நிலப்பட்டாவை அல்ல, வனத்துறையினரையும் காவல்துறையினரையும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மதித்தவர் காட்டுக்குள் நுழைந்தவர்கள். மீறியவர் சீருடையில் வந்தவர்கள். கர்நாடக அரசு அந்த மனுக்களைக் கிராமசபையின் முன்வைத்து முடிவெடுக்கட்டும். அசாதி குழுவின் பரிந்துரைகளை நிறைவேற்றும் தேதியை அறிவிக்கட்டும்.